கொள்ளிடக் கரையில் பட்டா நிலம்: உரிமை எதுவரை?

கொள்ளிடம் ஊரிலிருந்து பழையாறு போகும் வழியில், ஆற்றின் தென்கரையையொட்டிப் பாட்டனார் காலத்து ஓட்டு வீடும், அதன் பின்னால் ஆற்றை நோக்கி இறங்கும் தோப்பும் உங்களுக்கு இருக்கின்றன. தோப்பின் ஆற்றோரப் பகுதியில் புதிய வீடு ஒன்றும், வெள்ளம் ஏறாதிருக்கக் கருங்கல் சுவரும் கட்ட அடித்தளத்துக்கு வானம் தோண்டியபோது நீர்வளத் துறையினர் வந்து வேலையை நிறுத்திவிட்டார்கள். என் பட்டா நிலத்தில் நான் கட்டுவதை அரசு எப்படித் தடுக்கலாம், அப்படித் தடுக்க முடியுமென்றால் பட்டாவுக்கு என்னதான் மதிப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். தரங்கம்பாடிக்கு வடக்கே, ஊராட்சிப் பகுதியில் கடலோர மனை ஒன்றை உங்கள் தங்கை வாங்கலாமா என்பதும் உங்கள் கேள்வியில் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். ஏனென்றால், நீங்கள் நினைப்பதைவிட இந்த இரண்டு நிலங்களும் ஒரே விதிக்குள் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

பட்டாவுக்கு மதிப்பு உண்டு. அது தனியாக நின்று உரிமையை நிலைநாட்டிவிடாது என்றாலும், கிரயப் பத்திரம், பழைய செட்டில்மெண்ட் பதிவு, தொடர்ந்த அனுபவம் ஆகியவற்றோடு சேர்ந்து வலுவான ஆதாரமாகிறது. அரசியல் சட்டத்தின் 300-அ பிரிவு, சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவருடைய சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது. ஆனால் நிலத்தை எடுத்துக்கொள்வது வேறு, நிலத்தில் இன்னது செய்யக் கூடாது என்று கட்டுப்படுத்துவது வேறு. கரையை அகலப்படுத்துவதற்காக உங்கள் தோப்பில் பத்துக் குழி எடுத்தால், 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி உரிய இழப்பீடு தந்தாக வேண்டும். அதே பத்துக் குழியில் கட்டடம் எழுப்பக் கூடாது என்று செல்லத்தக்க விதி ஒன்று சொல்லுமானால், பொதுவாக இழப்பீடு கிடையாது. நிலம் உங்களுடையதாகவே இருக்கும், அதில் தென்னையும் மூங்கிலும் வாழையும் உங்களுடையவையாகவே இருக்கும். நீர்க்கரை நிலம் பற்றிய வழக்குகளில் பல, இந்த வேறுபாட்டை ஒரு தரப்பு ஏற்க மறுப்பதனால்தான் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன.

ஆகவே பட்டா செல்லுமா செல்லாதா என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, தோப்பு எந்தெந்தக் கோடுகளுக்கு எந்தப் பக்கம் கிடக்கிறது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலத்தின் மேல் மூன்று கோடுகள் ஓடுகின்றன: வருவாய்த் துறையின் எல்லைக் கோடு, ஆற்றின் வெள்ளக்கரை, கடல் ஏற்றநீர் உள்ளே வந்து போகும் வரம்பு. மூன்றையும் வெவ்வேறு அலுவலகங்கள் வைத்திருக்கின்றன, ஒன்று மற்றொன்றோடு பொருந்துவதில்லை.

முதல் கோட்டுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டின் (ஊர் நிலங்களைப் புல எண்வாரியாகக் காட்டும் பதிவேடு) நகலையும் புலப்படத்தையும் (உங்கள் புலத்தின் அளவு வரைபடம்) வாங்குங்கள். ‘அ’ பதிவேட்டில் உங்கள் புல எண்ணுக்கு அடுத்த எண் பெரும்பாலும் ‘ஆறு’ என்றோ ‘ஆற்றுப் புறம்போக்கு’ என்றோ இருக்கும். புலப்படத்தை மேசையில் விரித்து ஆற்றுப் பக்கத்தைக் கவனித்துப் பார்த்தால், மற்ற மூன்று பக்கங்களும் கல்லுக்குக் கல் நேர்கோடாக இருக்க, அந்தப் பக்கம் மட்டும் வளைந்து நெளிந்து போவதைக் காண்பீர்கள். மூலைக் கற்களை இணைக்கும் கோட்டிலிருந்து ஒவ்வொரு வளைவும் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று சிறு எண்களில் குறித்திருப்பார்கள். அளந்த காலத்தில் ஆறு எங்கே இருந்ததோ அதுதான் அந்த வளைவு. இன்று ஆறு அங்கே இல்லாமல் இருக்கலாம். ஆற்றோரக் கற்கள் அரிப்பில் போயிருக்கும். அவற்றைத் தேடிப் பயனில்லை. நிலத்தின் மேட்டுப் பக்கத்தில் அசையாமல் நிற்கும் கற்களிலிருந்து அளந்து வந்துதான் ஆற்று எல்லையை மறுபடி நாட்ட வேண்டும். 1980களில் நடந்த யூ.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) பணியின்போது பெயரும் பரப்பும் மாறிப்போன புலங்கள் டெல்டாவில் ஏராளம் என்பதால், அதற்கு முந்தைய பதிவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இந்தக் கோட்டுக்கு ஆற்றுப் பக்கமாக இருக்கும் எதிலும் உங்களுக்கு உரிமை இல்லை. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, கடலின் அடித்தளம், ஏற்றநீர் மட்டத்துக்குக் கீழுள்ள கழிகள், ஆறு, ஓடை, ஏரி, குளம், வாய்க்கால் ஆகியவற்றின் தளங்கள் எல்லாம் அரசின் சொத்து என்று அறிவித்திருக்கிறது. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டியிருக்கிறது. ஆற்றுப் புறம்போக்கில் வீடு வைத்திருக்கும் பலர் ‘பி மெமோ’ ரசீதுகளைப் பத்திரம்போலப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மூன்று தலைமுறையாகப் பி மெமோ கட்டியிருக்கிறோம் என்று சொல்கிறார்கள். பி மெமோ என்பது ஆக்கிரமிப்புக்காக விதிக்கும் தண்டத் தீர்வை. அதைக் கட்டுகிறவர், இது அரசு நிலம், நான் ஆக்கிரமித்திருக்கிறேன் என்று ஆண்டுதோறும் ஒப்புக்கொள்கிறார். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் அனுபவத்தைக் காட்டும். நீர்நிலைப் புறம்போக்கில் உரிமை தராது. ஆட்சேபமற்ற புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்கு அரசு அவ்வப்போது பட்டா வழங்கும்போதுகூட நீர்வழிப் புறம்போக்கு அதில் சேர்வதில்லை. ஏழைக் குடும்பங்களின் நிலைமை அறிந்தே இதை எழுதுகிறேன். அவர்களுக்கு மாற்று இடம் கேட்டுப் போராடுவதில் முழு நியாயம் இருக்கிறது, பி மெமோவைக் காட்டிப் போராடுவதில் பலன் இல்லை.

உங்கள் சிக்கல் இரண்டாவது கோட்டில்தான் இருக்கிறது. நீங்கள் எழுதியதிலிருந்து, பழைய வீடு வெள்ளக்கரைக்கு வெளிப்புறமும், தோப்பின் பெரும்பகுதி கரைக்கும் ஆற்றுக்கும் இடையிலும் இருப்பதாகத் தெரிகிறது. அதாவது அது படுகை. டெல்டாவில் படுகை நிலங்களுக்குப் பட்டா இருப்பது புதுமையல்ல. மூங்கிலும் வாழையும் கரும்பும் அங்கே தொன்றுதொட்டுப் பயிராகின்றன. ஆனால் அதை ஆறு தன் வெள்ளக் காலத்து அகலமாக வைத்திருக்கிறது. மேட்டூர் நிரம்பி, முக்கொம்பிலிருந்து உபரி நீர் முழுவதும் கொள்ளிடத்தில் திரும்பும்போது படுகை நிரம்பத்தான் செய்யும். 2022 ஆகஸ்டில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் ஆகிய ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்து மக்கள் முகாம்களுக்குப் போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்ப் பெயர்களில் இருக்கும் படுகையும் திட்டும் அவை எங்கே இருக்கின்றன என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

படுகையில் கட்டுவதைத் தடுப்பதற்கு அரசுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்றால், 1884ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் ஆறுகள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருக்கிறது. அச்சட்டத்தின் கீழ் ஓர் ஆற்றின் எல்லையை அளந்து வரைபடம் வெளியிட்டு அறிவிக்கை செய்தால், அந்த எல்லைக்குள் அடங்கும் தனியார் நிலத்திலும் அனுமதியின்றிக் கட்டடம் எழுப்புவது, நீரோட்டத்தைத் தடுக்கும்படி நடுவது போன்றவற்றைக் கட்டுப்படுத்தலாம். உங்களை நிறுத்தியவர்கள் எந்தச் சட்டத்தின் கீழ், எந்த அறிவிக்கையின் பேரில் நிறுத்தினார்கள் என்று எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை. வாய்மொழியாக நிறுத்தச் சொன்னது உத்தரவாகாது. உங்கள் ஆற்றுப் பகுதிக்கு அறிவிக்கை இருக்கிறதா என்பதைப் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போட்டுத் தெரிந்துகொள்ளலாம். அறிவிக்கை இல்லாவிட்டாலும் கட்டட அனுமதி வழங்கும் கட்டத்தில் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

கரையோடு ஒட்டிக் கட்டுவதை அவர்கள் ஏன் அவ்வளவு கடுமையாகப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மண்கரை மேலே வழிந்து உடைவதைவிட அடியில் ஊறி உடைவது ஆபத்தானது, ஏனென்றால் அது முன்கூட்டிக் கண்ணுக்குப் படுவதில்லை. எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர் மக்கிய பொந்து, யாரோ தோண்டி மூடிய குழி ஆகியவற்றின் வழியே தண்ணீர் கரையின் வெளிப்புற அடிவாரத்தில் சிறு ஊற்றாகக் கொப்பளிக்கும். தெளிந்த நீராக வரும்வரை பயமில்லை. கலங்கலாக, மணலை அள்ளிக்கொண்டு வரத் தொடங்கினால் உள்ளே கரை கரைகிறது என்று பொருள்; அப்போது அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே நீர்மட்டத்தை உயர்த்தி வேகத்தை அடக்குவார்கள். கரையடியில் தோண்டும் செப்டிக் டேங்க் குழியும், தோப்புக்கு வண்டி இறங்கக் கரையை வெட்டிப் போடும் சரிவுப் பாதையும் இப்படிப்பட்ட இடத்தைத் தாமே உண்டாக்கித் தருகின்றன. உடைப்பு உங்கள் தோப்பு வாசலில் தொடங்கினாலும் தண்ணீர் அங்கே நிற்பதில்லை. பின்னாலிருக்கும் பத்து ஊர்ச் சம்பா அதில் போகும்.

கருங்கல் சுவரைப் பற்றி எனக்கு இதைவிட வலுவான கருத்து உண்டு. ஆற்றங்கரை நிலத்துக்காரரின் உரிமையை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவிலுள்ள எடுத்துக்காட்டுகள் விளக்குகின்றன. குடிக்க, வீட்டுத் தேவைக்கு, ஆடு மாட்டுக்கு, பாசனத்துக்கு ஆற்று நீரை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மற்றக் கரைக்காரர்களுக்குக் குறிப்பிடத்தக்க கேடு வரக் கூடாது. தன் நிலத்தையொட்டி ஓடும் நீர் அளவிலும் திசையிலும் வேகத்திலும் மாற்றப்படாமல் வந்துசேர வேண்டும் என்பதும் ஒவ்வொரு கரைக்காரருக்கும் உரிய இயற்கை உரிமை. இந்த இரண்டாவது உரிமையை நீங்கள் கேட்கும் சுவரோடு பொருத்திப் பாருங்கள். வெள்ளம் உங்கள் தோப்பில் பரவி வேகம் குறைவதற்குப் பதிலாகச் சுவரில் மோதித் திரும்பி, எதிர்க்கரையில் கடலூர் மாவட்டத்து நிலத்தை அரிக்கும். சுவர் முடியும் இடத்தில் சுழித்து, உங்களுக்குக் கீழேயுள்ள பக்கத்து நிலத்தைக் குடையும். நீரின் திசையும் வேகமும் இரண்டுமே மாறுகின்றன. நீங்கள் அரசிடம் வலியுறுத்தும் அதே கரைக்காரர் உரிமை, எதிர்க்கரைக்காரர் கையில் உங்கள் சுவருக்கு எதிரான வழக்காகும். அந்தச் சட்டமே, ஆற்று நீரைத் தேக்கிப் பங்கிடும் அரசின் அதிகாரத்தைத் தொடுவதில்லை என்று 2ஆம் பிரிவில் விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே சூழல் விதிகள் வந்து உங்கள் உரிமையைக் குறைத்தன என்பதைவிட, அவை வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அந்த உரிமை இந்த அளவோடுதான் இருந்தது என்பதே சரி. என் பதிலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையிலும் இதே கதைதான். சோழமண்டலக் கரையில் அலை ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. கடலுக்குள் கல் நீட்டிக் கட்டினால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். புதுச்சேரியில் 1980களில் துறைமுகத் தடுப்புச் சுவர் வந்தபின் நகரின் கடற்கரை மணல் காணாமல் போனதைப் பலரும் கண்ணால் கண்டிருக்கிறார்கள். ஓர் ஊருக்குத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டால் அடுத்த ஊர் தனக்கும் கேட்பது அதனால்தான். தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனதை உங்கள் தங்கை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு மனையைப் பற்றி முடிவு செய்யட்டும்.

இனி மூன்றாவது கோடு. கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது கட்டுமானத்துக்கு மத்திய அரசின் அறிவிக்கை கட்டுப்பாடு விதிக்கும் பகுதி, கடற்கரையிலிருந்து 500 மீட்டர் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1991இல் வந்து, 2011இலும் 2019இலும் திருத்தி எழுதப்பட்ட அந்த அறிவிக்கை, ஏற்றநீர் ஏறும் ஆறு, கழி, உப்பனாறு ஆகியவற்றின் இரு கரைகளையும் சேர்த்துக்கொள்கிறது. எதுவரை என்றால், ஆண்டின் மிக வறண்ட பருவத்தில் ஆயிரம் பங்கு நீரில் ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம்வரை. கோடையில் கொள்ளிடத்தில் மேலிருந்து நல்ல தண்ணீர் வராதபோது உப்புநீர் பழையாற்று முகத்திலிருந்து வெகுதூரம் மேலேறுகிறது என்பதை அங்கே ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர்கள் அறிவார்கள். ஆகவே கடலே கண்ணில் படாத உங்கள் தோப்பும் இந்த மண்டலத்துக்குள் வரக்கூடும். 2011ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி இந்த ஆற்றுக்கரைகளில் 100 மீட்டர் அல்லது நீர்வழியின் அகலம், இவற்றில் எது குறைவோ அது கட்டுப்பாட்டுக்குள் வரும். 2019ஆம் ஆண்டு அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. ஆனால் 2019க்கு ஏற்பத் தயாரான கடலோர மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெறும்வரை 2011ஆம் ஆண்டு விதியே நடக்கும் என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. அதனால் தூரத்தை நீங்களே நாடா வைத்து அளந்து முடிவுக்கு வராமல், உங்கள் புல எண்ணுக்கு இன்று எந்த வரைபடம் பொருந்தும் என்று மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். அக்குழுவின் தலைவர் மாவட்ட ஆட்சியர்.

தங்கையின் மனைக்கு விதி எளிது. கிராமப்புறக் கடற்கரையில் உயர் ஏற்றநீர்க் கோட்டிலிருந்து (கடல் ஏற்றம் எட்டும் உச்ச வரம்பு) 200 மீட்டருக்குள் புதிய வீடு கூடாது என்பது பொது நிலை. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில் மட்டும் அதை 50 மீட்டராக்கியது. அந்த அடர்த்தி நம் டெல்டாக் கடலோரக் கிராமங்கள் பலவற்றில் கிடையாது. விற்பவர் ஊராட்சியின் அனுமதியைக் காட்டினால் அதோடு நின்றுவிட வேண்டாம். கேரளத்தில் மரடு என்ற ஊரில் காயலோர அடுக்ககங்கள் ஊராட்சி அனுமதியோடுதான் எழுந்தன. நம்பி வாங்கியவர்கள் குடியிருந்தார்கள். 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்க ஆணையிட்டது, 2020 ஜனவரியில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்பது இழப்பீடு கேட்க உதவியது, கட்டடத்தைக் காப்பாற்ற உதவவில்லை. என் கருத்து, அந்த மனையை விட்டுவிடுவதே நல்லது.

நீங்கள் கோபமாக எழுதியிருந்த ஒரு வரியில் நியாயம் இருக்கிறது: விதி எளியவனுக்கு மட்டும்தானா என்ற வரி. நாகப்பட்டினக் கடலோரத்தில் ஊர் ஊராக உயிர்களை வாரிய 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 மார்ச்சில் வந்த தமிழக அரசாணை 172, 200 மீட்டருக்குள் வாழ்ந்த மீனவர்கள் உள்ளே தள்ளிப் போனால் இலவச வீடு உண்டு, பழைய இடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. போக விரும்பாதவர்கள் தங்கள் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது என்றது. படகும் வலையும் கரையில் இருக்க வீடு மட்டும் தள்ளிப் போனால் தொழில் என்னாவது என்று மீனவப் பெண்கள் அன்று எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. இன்னொரு பக்கம், இதே கடலோரத்தில் 1990களில் நெல் வயல்கள் இறால் குட்டைகளாகின. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர மண்டலத்துக்குள் இறால் குட்டை கூடாது, இருப்பவற்றை இடிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அந்தத் தொழிலுக்கு வழிவிட்டது. மீனவர் வீட்டுக்கு அப்படியொரு சட்டம் வரவில்லை. கொள்ளிடத்தில் அளவின்றி மணல் எடுத்ததால் ஆற்றின் தளம் இறங்கிக் கரைகள் நிலைகுலைகின்றன என்று டெல்டா விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். கரையோர வீட்டுக்காரரிடம் விதி பேசும் அரசு, அதே ஆற்றில் தன் குவாரிக்கும் அந்த விதியைப் பேச வேண்டும். இதைக் கூட்டத்தில் சொல்லுங்கள், மனுவில் எழுதுங்கள். ஆனால் மற்றவர் மீறியது உங்களுக்கு மீற உரிமை தராது. பக்கத்துத் தோப்பில் கட்டியிருக்கும் வீட்டைச் சுட்டிக்காட்டினால் நீதிமன்றம் அதையும் இடிக்கச் சொல்லுமே தவிர, உங்களுக்கு அனுமதி தரச் சொல்லாது.

இப்போது செய்ய வேண்டியது இது. பழைய ஓட்டு வீட்டை விட்டுவிடாதீர்கள். கரைக்கு வெளிப்புறம் பட்டா எல்லைக்குள் அது இருக்குமானால் அதுதான் உங்கள் பலம். கடலோர மண்டலத்துக்குள் வந்தாலும்கூட, முறையாக எழுந்த பழைய வீட்டை அதே தரைப்பரப்பில் பழுதுபார்க்கவும் மறுபடி கட்டவும் அறிவிக்கை இடம் தருகிறது. அந்த வீடு எப்போதிருந்து இருக்கிறது என்பதற்கான வரி ரசீதுகளையும் பழைய பத்திரங்களையும் இப்போதே திரட்டுங்கள். புதிய வீட்டைத் தோப்பிலிருந்து அந்த மேட்டு மனைக்கு மாற்றுங்கள். படுகையில் கருங்கல் சுவருக்குப் பதிலாக ஆற்றோரத்தில் மூங்கிலும் நாணலும் அடர்த்தியாக நில்லட்டும். அவற்றின் வேர் மண்ணைப் பிடிக்கும், வெள்ளத்தை எதிர்க்கரைக்குத் திருப்பாது. ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காமல் கையெழுத்திட்டு வாங்கி, குறித்த நாளுக்குள் புலப்பட நகலோடு எழுத்தில் பதில் கொடுங்கள். 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்னறிவிப்பின்றி வெளியேற்ற முடியாது, உத்தரவின் மேல் மேல்முறையீடும் உண்டு. கடலோர விதி சம்பந்தப்பட்ட பூசல் என்றால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். எல்லையை அளந்து காட்டக் கோரும் மனுவை மட்டும் பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுங்கள். படுகையில் நில அளவர் இறங்கி அளக்கக்கூடிய காலம் ஏப்ரலும் மே மாதமும்தான், ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டியிருக்கும்.